தோல் பட்டறையில் பிறந்த எழுத்து

பார்வையிழந்தோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைப் படைத்தளித்த லூயி பிரெயில் அவர்களின் பெயரை அறியாதார் அரியர். பள்ளிப் பாடநூல்களிலும் பொதுஅறிவு நூல்களிலும் அவரைப் பற்றி ஒரு பத்தியேனும் காணப்படும். அப்பத்தியில் பெரும்பாலும் இடம்பெறாதவர் அவருடைய தந்தையார். இம்மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு கழகத்தார் பணித்தபோது, மகனின் புகழை மட்டும் பாடாமல், அம்மகனின் கைக்கு முதன்முதலில் எழுத்தைத் தந்த தந்தைக்கு நன்றி கூறும் முகமாக அவ்வரலாற்றை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. அத்தந்தையார் ஒரு தோல் தொழிலாளி என்பது அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அது வரலாற்றினூடே விளங்கும்.

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. குதிரையே உழவுக்கும் பயணத்திற்கும் துணையாக இருந்த அந்நாளில், சேணமும் கடிவாள வாரும் செய்து தருபவர் இல்லாத ஊர் இயங்க முடியாது. கூவ்ரேயிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலும் அப்பணியைச் செய்து வந்தவர் சிமோன் ரெனே பிரெயில். அவருடைய மனைவியார் மோனிக். இவர்களுக்கு மக்கள் நால்வர். மூத்தவர் மூவரும் வளர்ந்து நின்ற காலத்தில், தந்தையார் நாற்பது வயதைக் கடந்த பின்பு, 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் பிறந்த கடைக்குட்டியே லூயி.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்நாட்டில் தோல் தொழில் தீட்டாகக் கருதப்படவில்லை. சிமோன் ரெனே ஊரார் மதித்த கைவினைஞர். அவருக்குச் சொந்த வீடும், சிறிது நிலமும், திராட்சைத் தோட்டமும் இருந்தன. தம் தொழிலின் காரணமாக அவர் எந்தத் தெருவிலும் நடக்க அஞ்சியதில்லை. எந்தக் கிணற்றிலும் நீர் மொள்ளத் தடை கண்டதில்லை. ஆகவே அவருடைய வாழ்வை நம் முன்னோரின் வாழ்வோடு சமமாக வைத்துப் பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. ஆயினும் தோலும் வாரும் குத்தூசியும் எல்லா நாட்டிலும் ஒன்றே. அவற்றோடு பழகிய கையின் நுண்மையும் ஒன்றே. அந்தக் கை என்ன செய்தது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

வீட்டை ஒட்டியே பட்டறை இருந்தது. தோல் துண்டுகளும், விதவிதமான கத்திகளும், குத்தூசிகளும், ஆணிகளும் நிறைந்த அவ்விடம் சிறுவனுக்கு விளையாட்டுக் கூடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. தந்தையார் செய்வதைப் பார்த்துத் தானும் செய்ய விரும்புவது குழந்தையின் இயல்பு. 1812ஆம் ஆண்டில், லூயிக்கு மூன்று வயதான பொழுது, யாரும் கவனியாத நேரத்தில் அவன் ஒரு கூரிய கருவியை எடுத்துத் தோலில் குத்த முயன்றான். கருவி வழுக்கி அவனுடைய ஒரு கண்ணில் பாய்ந்தது. அக்கருவி குத்தூசி என்று பலரும், வளைந்த சிறு கத்தி என்று சிலரும் எழுதியுள்ளனர். எதுவாயினும் விளைவு ஒன்றே. புண்பட்ட கண்ணில் நோய் பற்றி, நாளடைவில் மறு கண்ணுக்கும் பரவியது. நுண்ணுயிரிகளைப் பற்றியோ நோய் பரவும் விதத்தைப் பற்றியோ மருத்துவர்களே அறியாத காலம் அது. ஐந்து வயது நிரம்பும் போது சிறுவன் முற்றிலும் பார்வை இழந்துவிட்டான்.

தம் தொழிற் கருவியே தம் மகனின் கண்ணைப் பறித்ததைக் கண்ட தந்தையின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும். பட்டறைக் கதவை அவர் மகனுக்கு அடைக்கவில்லை. இதுவே அவருடைய வாழ்வில் நான் கண்ட பெருஞ்செயல். வேறொருவராயின் அச்சத்தினாலோ குற்ற உணர்வினாலோ பிள்ளையை அடுப்பங்கரையின் ஓரத்தில் உட்கார வைத்து ஊட்டி வளர்த்திருப்பார். சிமோன் ரெனே மகனுக்கு ஏற்ற கைத்தடிகளைச் செய்து கொடுத்தார். அத்தடியால் தரையைத் தட்டியபடியே சிறுவன் ஊர் முழுவதும் சுற்றி வரக் கற்றான். பட்டறையில் குதிரைச் சேணத்திற்குரிய குஞ்சங்களைக் கட்டும் வேலையும் அவனுக்குக் கிடைத்தது. எது மென்மையான தோல், எது முரட்டுத் தோல், வாரின் தடிப்பு எவ்வளவு என்பனவற்றை விரல் நுனியாலேயே அறிந்து கொள்ளும் பயிற்சி அவனுக்கு அங்கேதான் வாய்த்தது.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகளின் கதி எத்தகையது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். தேவாலய வாயிலிலும் சாலையோரத்திலும் இரந்து உண்பதே அவர்களிற் பெரும்பாலோருக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை. 1771ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த ஒரு சந்தையில், பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி வேடம் அணிவித்து, படிக்க இயலாத இசைத்தாள்களை அவர்கள் முன் விரித்து வைத்து, வாத்தியம் வாசிக்கச் செய்து, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அக்காட்சியைக் கண்டு மனம் நொந்த வாலந்தேன் அயுய் என்னும் பெருமகனார், பிற்காலத்தில் பாரிசில் பார்வையற்ற சிறார்க்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். லூயி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே அப்பள்ளி இருந்தது. ஆயினும் ஒரு சிற்றூர்த் தொழிலாளிக்கு அதனைப் பற்றி யார் சொல்லப் போகிறார்கள்?

எனவே தந்தையார் தாமே ஆசிரியரானார். ஒரு மரப்பலகையை எடுத்து, அதில் எழுத்துகளின் வடிவில் சிறு ஆணிகளை வரிசையாக அறைந்தார். சிறுவனின் விரலைப் பிடித்து அந்த ஆணித் தலைகளின்மீது நடத்தினார். மெத்தையிலும் சேணத்திலும் அறைகின்ற அதே ஆணிகள்தாம் அவை. இவ்வாறு பிரெஞ்சு நெடுங்கணக்கைச் சிறுவன் கையால் கற்றான். எழுத்தறிவிக்கும் கலையைப் பற்றி எந்த நூலையும் சிமோன் ரெனே படித்தவர் அல்லர். மகனுக்குக் கண் இல்லை, கை இருக்கிறது என்று அவர் எண்ணினார். கையில் ஆணி இருந்தது, அதனைப் பயன்படுத்தினார். அவ்வளவே.

நம்மிடையே பெற்றோர் பலர் பிள்ளைகள் சுவரில் கரியால் எதையேனும் கிறுக்கினால் அடிக்கிறோம். பழைய ஆணியையும் கம்பியையும் வைத்து எதையாவது செய்து கொண்டிருந்தால் வேலையைப் பார் என்று விரட்டுகிறோம். அப்போதெல்லாம் அந்தப் பலகை எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஊரின் பாதிரியாரான பல்லுய் என்பவர் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு அவனுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் பேசெரே என்னும் ஊர்ப்பள்ளி ஆசிரியரிடம் பேசி, பார்வையுள்ள பிள்ளைகளோடு அவனையும் அமர்த்தினார். கேட்டதைக் கேட்டவாறே மனத்தில் இருத்திக் கொள்ளும் ஆற்றல் லூயிக்கு இருந்தது. எனினும் மற்றப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் படிக்கத் தொடங்கும் போது அவன் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. ஊர்ப்பள்ளியால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலவில்லை. பாரிசில் ஒரு பள்ளி உண்டு என்ற செய்தி அப்போதுதான் கிடைத்தது. ஊர்ப் பிரபுவின் பரிந்துரையும் கிடைத்தது. பத்து வயதுச் சிறுவனை, அதிலும் பார்வையற்ற கடைக்குட்டியை, அறியாத நகரில் விட்டு வருவதற்குத் தந்தையார் எளிதில் உடன்பட்டிருக்க மாட்டார். ஆயினும் 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அவரே மகனைக் குதிரை வண்டியில் அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார்.

அப்பள்ளி பழைய கட்டடம் ஒன்றில் இருந்தது. ஈரம் கசியும் சுவர்கள், இருண்ட அறைகள், போதாத உணவு. லூயிக்குப் பிற்காலத்தில் வந்த காசநோய்க்கு அந்த ஈரமும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. படிப்பிலும் இசையிலும் அவன் சிறந்து விளங்கினான் என்பதோடு, கைத்தொழிலிலும் பரிசு பெற்றான் என்பதையும் நாம் குறித்துக் கொள்ள வேண்டும். வீட்டுக் காலணி செய்யும் பட்டறைக்கு இளவயதிலேயே அவனை மேற்பார்வையாளனாக நியமித்தனர். தந்தையின் கை அங்கும் அவனைக் கைவிடவில்லை.

பள்ளியில் படிப்பதற்கு நூல்கள் இருந்தன. அயுய் அமைத்த முறைப்படி வழக்கமான பிரெஞ்சு எழுத்துகளைப் பெரிதாக, தாளில் புடைத்து நிற்குமாறு அச்சிட்ட நூல்கள் அவை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் நெளிவையும் விரலால் தடவித் தடவி உணர வேண்டும். ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்து போகும். நூலோ தூக்க இயலாத கனம். இவற்றினும் பெரிய குறை ஒன்று இருந்தது. அவ்வெழுத்தில் மாணவன் தானாக எதையும் எழுத இயலாது. பிறர் எழுதித் தந்ததைத் தடவிப் பார்க்கலாம். தன் நெஞ்சில் தோன்றியதைத் தாளில் இறக்க வழியில்லை. படிப்பவனாக மட்டுமே இருக்கலாம். எழுதுபவனாக ஆக முடியாது.

1821ஆம் ஆண்டளவில் சார்லஸ் பார்பியே என்னும் முன்னாள் படைத்தலைவர் தாம் கண்ட புதியதொரு முறையைப் பள்ளிக்குக் கொண்டு வந்தார். கோடுகளுக்கு மாறாகப் புள்ளிகளைத் தாளில் குத்தி எழுதும் முறை அது. சொற்களின் ஒலியை மட்டும் புள்ளிகளால் குறிப்பர். ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்படும். மாணவர்கள் மகிழ்ந்தனர். முதன்முறையாகத் தாமே எழுதித் தாமே படிக்க அவர்களால் முடிந்தது. பார்பியே நல்லெண்ணம் உடையவர். படிக்க வசதியற்ற ஏழைகளுக்கும் பார்வையற்றோர்க்கும் எளிய எழுத்து வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஆனால் அந்த நல்லெண்ணத்தின் உள்ளே ஒரு தாழ்வான எண்ணமும் கலந்திருந்தது. இத்தகையோருக்குப் பிழையற்ற எழுத்துக்கூட்டல் எதற்கு, நிறுத்தக் குறிகள் எதற்கு, ஒலி தெரிந்தால் போதாதா என அவர் கருதினார். அவருடைய முறையில் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை. நிறுத்தக் குறியும் இல்லை, எண்ணும் இல்லை, இசைக்குறியும் இல்லை.

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன். இரக்கம் கொண்டு தரப்படும் கல்வியில் இப்படி ஓர் அளவுகோல் அடிக்கடி மறைந்திருக்கும். இவர்களுக்கு இவ்வளவு போதும் என்பதே அந்த அளவுகோல். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதனை ஏற்க மறுத்தான். மற்றவர்கள் எழுதுவது போலவே, அதே எழுத்துக்கூட்டலோடு, அதே இலக்கணத்தோடு, அதே நிறுத்தக் குறிகளோடு தானும் எழுத வேண்டும் என அவன் விரும்பினான். தந்தை ஆணியால் அறைந்து தந்தவை முழு எழுத்துகள் அன்றோ? அரை எழுத்தில் நிறைவு கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் அவன் உழைத்தான். பகலில் பாடம், பட்டறை வேலை. இரவில் படுக்கையில் அமர்ந்து தாளில் குத்துவது. விடுமுறைக்குக் கூவ்ரேக்குச் செல்லும் போதும் தாளையும் குத்துகோலையும் உடன் கொண்டு சென்றான். தந்தையாரின் குத்தூசிக்கும் அந்தக் குத்துகோலுக்கும் வடிவில் பெரிய வேற்றுமை இல்லை. பார்வையைப் பறித்ததன் உறவான ஒரு கருவியையே எழுதுகோலாகக் கொண்டு அவன் தன் வேலையைச் செய்தான். 1824இல், பதினைந்தாம் வயதில், அவனுடைய முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது.

அதன் நுட்பம் மிக எளியது. பன்னிரண்டு புள்ளிகளை ஒரே தொடுதலில் விரல் நுனி உணர இயலாது. விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருக்கும். லூயி அவற்றை ஆறாகக் குறைத்தான். நிரலுக்கு மூன்றாக இரண்டு நிரல்கள். ஒரே தொடுதலில் எழுத்து முழுவதும் விரலுக்குக் கீழே அடங்கும். ஆறு புள்ளிகளில் எவை எழும்பி நிற்கின்றன என்பதைக் கொண்டு 63 குறிகளைப் பெறலாம். முதற் பத்து எழுத்துகளை மேலுள்ள நான்கு புள்ளிகளைக் கொண்டே அமைத்தான். அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைச் சேர்த்தால் அடுத்த பத்து, இரண்டைச் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. இவ்வொழுங்கு இருப்பதால் கற்பது எளிது. எண்களுக்கும் இசைக்கும் அதே குறிகளே பயன்பட்டன. பார்வையுள்ளோரின் எழுத்தைப் போல் தோற்றமளிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே அவன் நீக்கிவிட்டான். விரலுக்கு எது இசையுமோ அதுவே எழுத்து. தோலை விரலால் அறிந்து வளர்ந்தவனுக்கு அவ்வுண்மை எளிதில் புலப்பட்டது எனலாம்.

1829இல் அம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. அப்போது அவர் அதே பள்ளியில் துணையாசிரியர். முதல் எண்ணம் பார்பியே அவர்களிடமிருந்து வந்தது என்பதை அந்நூலிலேயே நன்றியோடு ஒப்புக்கொண்டார். திருத்திய பதிப்பு 1837இல் வந்தது. 1833இல் முழு ஆசிரியரானார். இலக்கணம், நிலவியல், கணக்கு, இசை எனப் பல பாடங்களைக் கற்பித்தார். பாரிசுத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் புகழ் பெற்றார்.

நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1831ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சிமோன் ரெனே காலமானார். சாகும் தறுவாயில் அவர் பள்ளித் தலைவருக்குக் கடிதம் எழுதச் செய்து, தம் மகனை ஒருபோதும் கைவிட்டுவிட வேண்டா என்று கேட்டுக்கொண்டார். மகன் அப்போது இருபத்திரண்டு வயது நிரம்பிய ஆசிரியர். எனினும் தந்தைக்கு அவர் பட்டறையில் தட்டுத் தடுமாறிய மூன்று வயதுக் குழந்தையாகவே இருந்திருக்கிறார்.

தந்தையாரின் அச்சம் வீண் போகவில்லை. 1840இல் பள்ளிக்குத் தலைவராக வந்த துய்ஃபோ என்பவர் பிரெயிலின் எழுத்தை விரும்பவில்லை. பார்வையுள்ளோர் படிக்க இயலாத எழுத்தைப் பார்வையற்றோர் தமக்குள் வைத்துக்கொள்வதா, அது அவர்களைத் தனிக்கூட்டமாகப் பிரித்துவிடாதா என்பது அத்தகையோரின் வாதம். இதனை முற்றிலும் பொருளற்றது என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் கற்பவனின் விரலைக் கேளாமல் கற்பிப்பவனின் கண்ணுக்கு வசதி தேடும் வாதம் அது. புள்ளியெழுத்து வகுப்பிலிருந்து விலக்கப்பட்டது. நூல்கள் எரிக்கப்பட்டன என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். மாணவர்களோ மறைவாக எழுதிக்கொண்டே இருந்தனர். குத்துகோல் பறிக்கப்பட்டால் பின்னல் ஊசி, முட்கரண்டி, ஆணி எனக் கிடைத்ததைக் கொண்டு எழுதினர். சுவைத்த பின் அந்த எழுத்தை விட அவர்கள் ஆயத்தமாயில்லை.

துணைத் தலைவராக இருந்த கதே என்பவர் இதனைக் கண்டு தலைவரின் மனத்தை மாற்றினார். 1844இல் பள்ளி புதிய கட்டடத்திற்கு மாறிய விழாவில், பொதுமக்கள் முன்னிலையில் புள்ளியெழுத்து செய்து காட்டப்பட்டது. பிரெயில் அவ்விழாவைத் தம் வாழ்நாளிலேயே கண்டார் என்பது ஆறுதல்.

இதற்கிடையில் அவர் மற்றொரு வேலையையும் செய்தார். பார்வையற்றவர் வீட்டிலுள்ள பார்வையுள்ளோருக்குத் தாமே கடிதம் எழுத வேண்டாமா? வழக்கமான எழுத்துகளின் உருவத்தையே புள்ளிகளால் குத்தி எழுதும் முறை ஒன்றை 1839இல் வெளியிட்டார். பிள்ளை தானே எழுதிய கடிதத்தைத் தாய் தன் கண்ணால் படிக்க முடிந்தது. எழுத்துகளின் வடிவில் புள்ளிகளை வரிசையாக நிறுத்துவது என்ற அம்முறையைப் பற்றிப் படித்த போது, கூவ்ரேப் பட்டறையின் ஆணிப் பலகை மீண்டும் என் கண்முன் வந்தது. தந்தை மகனுக்குச் செய்ததை மகன் குடும்பத்தாருக்குத் திருப்பிச் செய்தார் போலும்.

காசநோய் அவரை மெல்ல மெல்ல அரித்தது. கற்பித்தலைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. 1852 சனவரி 6ஆம் நாள், நாற்பத்து மூன்று வயது நிரம்பிய இரண்டாம் நாள், அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சிறு பெட்டி ஒன்றைத் திறவாமலே எரித்துவிடுமாறு எழுதி வைத்திருந்தார். நண்பர்கள் ஆவல் தாங்காமல் திறந்து பார்த்தனர். மாணவர்கள் அவரிடம் கடன் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த சீட்டுகள் அதனுள் இருந்தன. அவர் விருப்பப்படியே அவை எரிக்கப்பட்டன.

பாரிசுச் செய்தித்தாள்கள் அவர் மறைவைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இல், பிரான்சு அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது. 1878இல் பாரிசில் கூடிய மாநாடு அதனைப் பிற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இந்திய மொழிகள் யாவற்றுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்னும் முறை 1951இல் வகுக்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். அம்முறையில் நம் அகரத்திற்கு உரியது இடப்பக்க மேல்மூலையில் உள்ள ஒரே ஒரு புள்ளி. லூயி தம் நெடுங்கணக்கின் முதலெழுத்துக்கு வைத்ததும் அதே புள்ளிதான்.

அவருடைய உடல் சொந்த ஊரான கூவ்ரேயில் குடும்பத்தார் அடங்கிய இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. நூறாண்டு கழித்து, 1952இல், பிரான்சு தன் பெருமக்களை வைத்துப் போற்றும் பாந்தியோன் மண்டபத்திற்கு அதனை அரசு மரியாதையுடன் எடுத்துச் சென்றனர். கூவ்ரே ஊரார் ஒன்றை மட்டும் விட்டுத்தர இசையவில்லை. அவருடைய கைகள் இரண்டும் தனியே ஒரு பேழையில் வைக்கப்பட்டு, அவ்வூர்க் கல்லறையிலேயே இன்றும் இருக்கின்றன. பிரெயில் குடும்பத்தின் வீடும் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. அதன் உள்ளே தந்தையாரின் தோல் பட்டறையைக் காணலாம்.